மிளகும் சுக்கும் காவல் இருக்கும் தோட்டம்: இலையுதிர் காலக் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் மேற்கெல்லையில், வேல்ஸை ஒட்டிய ஷ்ராப்ஷயர் கிராமப்புறத்தில் தோட்டமும் கம்பளி நூலுமாகக் காலம் கழிக்கும் எனக்குச் செப்டம்பர் பிறந்தாலே வாசகர் கடிதங்கள் கூடிவிடும். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் பூனைகளைப் பற்றியவை. எங்கள் வீட்டுக் கறுப்புப் பூனை மிளகைப் பற்றியும் பழுப்புப் பூனை சுக்கைப் பற்றியும் முந்தைய இதழ்களில் நான் அளவுக்கு மீறி எழுதியதுதான் அதற்குக் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். (மூன்றாவதாக ஒரு பூனை வந்தால் திப்பிலி என்று பெயரிடுவீர்களா என்று கேட்ட கார்டிஃப் வாசகருக்கு: பெயர் தயார், வீட்டாரின் சம்மதம்தான் இன்னும் கிடைக்கவில்லை.)

கேள்வி: நகரத்தை விட்டுப் பெரிய தோட்டமுள்ள கிராமத்து வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். ஒரு பீச் (beech) மரமும் இரண்டு ஆப்பிள் மரங்களும் நிற்கின்றன. சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கிறது. எல்லாவற்றையும் வாரி எரித்துவிட்டு, வாடிய செடிகளையும் தரையோடு வெட்டிவிடும்படி அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். செய்யலாமா, அம்மா? – வாசகி, லெஸ்டர்ஷயர்

பதில்: எரிக்க வேண்டாம். வார வேண்டிய இடம் எது, விட்டுவைக்க வேண்டிய இடம் எது என்று பிரித்துக்கொண்டாலே வேலை பாதியாகக் குறைந்துவிடும். புல்தரையில் கிடப்பதை வாரிவிடுங்கள். கனமாகப் படிந்தால் அடியிலுள்ள புல் வெளிச்சமின்றி வெளுத்து அழுகும். நடைபாதையில் கிடப்பது ஈரத்தில் வழுக்கும். குளமோ தொட்டியோ இருந்தால் இலை உதிர்ந்து முடியும்வரை அதன் மேல் வலை கட்டுங்கள். நீரில் விழுந்து அழுகும் இலை அங்குள்ள உயிர்களுக்கு வேண்டிய பிராணவாயுவைக் குறைத்துவிடும். மற்றபடி, பூச்செடிப் பாத்திகளிலும் வேலியோரத்திலும் கிடக்கும் சருகு அங்கேயே கிடக்கட்டும். அதை மண்புழுக்கள் குளிர்காலம் முழுவதும் சிறிது சிறிதாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வாரிய சருகை இலை மட்காக மாற்றுங்கள். சமையலறைக் கழிவைப் போட்டுச் செய்யும் மக்கு உரக் குழியில் நுண்ணுயிரிகள் சூடேறி வேலை செய்கின்றன. இலையை மட்கவைப்பவையோ பெரும்பாலும் பூஞ்சைகள், அவற்றுக்குச் சூடு வேண்டாம், ஈரமும் பொறுமையும் போதும். நான்கு கழிகளை ஊன்றிக் கோழிவலை சுற்றினால் கூடு தயார். இடமில்லையென்றால் பெரிய பிளாஸ்டிக் பைகளில் ஆங்காங்கே துளையிட்டு, நனைத்த சருகைத் திணித்துக் கட்டி, கொட்டகைக்குப் பின்னால் வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஓராண்டில் அது மூடாக்குக்கு ஆகும். இரண்டாண்டில் கையிலெடுத்தால் உதிரும், விதை விதைக்கும் மண்ணோடு கலக்கலாம். பயிருக்கு ஊட்டம் தரும் எரு அன்று அது. ஆனால் களிமண்ணை இளக்கவும் மணல் மண்ணில் ஈரம் நிற்கச் செய்யவும் அதற்கு நிகர் கிடையாது. ஓக், பீச் இலைகள் நன்றாக மட்கும். சிக்கமோர், குதிரைச் செஸ்நட் போன்ற தடித்த இலைகளை முதலில் புல்வெட்டும் இயந்திரத்தால் ஒருமுறை ஓட்டி நொறுக்கிக்கொள்வது நல்லது. ஒரே ஒரு விலக்கு: உங்கள் ஆப்பிள் இலைகளில் கரும்புள்ளிச் சொறி இருந்தாலும், ரோஜா இலைகளில் கரும்புள்ளி நோய் இருந்தாலும் அவற்றை மட்டும் தனியே வாரி அகற்றுங்கள். அந்த நோய்கள் விழுந்த இலையிலேயே குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் மறுபடி மேலே ஏறுகின்றன.

வாடிய செடிகளைத் தரையோடு வெட்டும் வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. உள்ளே குடைவான பெருஞ்சீரகத் தண்டிலும் காய்ந்த பூத்தலைகளிலும் பொறிவண்டுகள் குளிரைக் கழிக்கின்றன. டீசில் (teasel) என்னும் முட்செடியின் விதையைக் கொத்தக் கோல்ட்ஃபின்ச் குருவிகள் வருகின்றன. பிப்ரவரி கடைசியில் வெட்டினால் போதும். அதுவரை பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் உறைபனி விழுந்த காலையில் அந்த அலங்கோலத்தின் ஒவ்வொரு தண்டும் சர்க்கரை தூவியது போல நிற்பதைப் பார்த்த பிறகு நீங்களும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவீர்கள்.

1605இல் நாடாளுமன்றத்தைத் தகர்க்க நடந்த சதி முறியடிக்கப்பட்டதை நினைவுகூரும் நவம்பர் 5 தீமூட்டத்துக்காக யாரேனும் உங்கள் தோட்டத்தில் குச்சிகளைக் குவித்துவைத்தால், கொளுத்தும் நாளன்று அந்தக் குவியலை முழுவதும் வேறிடத்துக்கு மாற்றிய பிறகே தீ வைக்க வேண்டும். ஏறத்தாழ நவம்பரில் உறக்கத்தில் ஆழும் முள்ளெலிகளுக்குக் குச்சிக் குவியலைவிட நல்ல வீடு கிடையாது. தெற்குத் தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் வாழும் நம் முள்ளெலியின் உறவுதான் இதுவும். திருநெல்வேலிப் பக்கத்து வாசகர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: போன ஆண்டு செப்டம்பரிலேயே டியூலிப் கிழங்குகளை நட்டேன். பாதியை அணில் தோண்டிவிட்டது. மீதியில் சிலவற்றின் இலைகள் சுருண்டு, தீய்ந்தது போல் ஆயின. எங்கே தவறினேன்? – வாசகர், நார்தாம்ப்டன்

பதில்: இரண்டு மாதம் முந்திவிட்டீர்கள். டாஃபடில் கிழங்குகளுக்குத்தான் செப்டம்பர், டியூலிப்புக்கு நவம்பர். இலையைத் தீய்ந்தது போல ஆக்கும் பூஞ்சை நோய்க்கு இங்கே ‘டியூலிப் ஃபயர்’ என்றே பெயர். மண் குளிர்ந்த பிறகு நட்டால் அதன் தாக்குதல் குறைகிறது. நோய் கண்ட இடத்தில் சில ஆண்டுகளுக்கு டியூலிப்பை நடாமல், தொட்டியில் புது மண்ணிட்டு வளருங்கள். கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழத்திலாவது, கூர்முனை மேலே இருக்கும்படி நடுங்கள். களிமண்ணானால் அடியில் ஒரு கை சரளை போடுங்கள். டியூலிப்பின் தண்டு நீள்வதற்குப் பல வாரக் குளிர் தேவை. நவம்பரில் நட்டாலும் இங்கிலாந்தின் குளிர்காலம் அதற்கு வேண்டிய அளவைக் கொடுத்துவிடும்.

அணிலைப் பொறுத்தவரை, நட்ட இடத்தின் மேல் கோழிவலையை விரித்து ஓரங்களை மண்ணில் புதையுங்கள். முளை வலையின் கண் வழியே வந்துவிடும். கிழங்கின் உரிந்த தோலை அங்கேயே சிதறவிடாதீர்கள், அந்த மணமே அணிலுக்கு அழைப்பிதழ். டாஃபடில் கிழங்கு நச்சுள்ளது என்பதால் அதை அணில் தொடாது. பூனை வளர்த்தால் அணில் வராது என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். எங்கள் மிளகு சன்னலோரத்தில் உட்கார்ந்து, அணில் என் கிழங்கைத் தோண்டுவதை முழுவதும் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டதை நான் கண்ணால் கண்டேன்.

கேள்வி: நான் கொத்தி, கல் பொறுக்கி, சமன்செய்து வைக்கும் பாத்தியைப் பூனை மறுநாளே கழிப்பிடமாக்கிக்கொள்கிறது. என்ன செய்வது? – வாசகி, சுவிண்டன்

பதில்: பூனை வேறு என்ன நினைக்கும்? பொலபொலவென்ற மண்ணைத் தனக்காகவே கொத்திவைத்ததாகத்தான் நினைக்கும். வெறும் மண் தெரியக் கூடாது என்பதே ஒரே தந்திரம். கவாத்துச் செய்த ரோஜாக் குச்சிகளையோ ஹாலி இலைக் கிளைகளையோ பாத்தியின் மேல் நெருக்கமாகப் பரப்புங்கள். தோட்டத்தின் ஒரு மூலையில் உலர்ந்த மணலும் மண்ணும் கலந்த சிறு இடத்தை அதற்கென்றே ஒதுக்கி, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். நல்ல இடம் கிடைத்தால் பூனை அடம்பிடிப்பதில்லை. கையுறையில்லாமல் மண்ணைத் தொட வேண்டாம். கருவுற்றிருப்பவர்கள் பூனை புழங்கும் பாத்தி வேலையை வேறொருவரிடம் விடுவதே முறை, ஏனெனில் பூனைக் கழிவின் வழியாகப் பரவும் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுயிரி கருவைப் பாதிக்கக்கூடியது.

கேள்வி: புதிதாக வாங்கிய வீட்டின் ஆப்பிள் மரத்தடியில், இலையே இல்லாமல் இளஞ்சிவப்புப் பூக்கள் தரையிலிருந்து நேராக எழும்பியிருக்கின்றன. குங்குமப்பூவாக இருக்குமோ என்று மகிழ்ந்தோம். எங்கள் பூனை அவற்றை முகர்ந்துகொண்டே இருக்கிறது. – வாசகர், கெண்ட்

பதில்: தயவுசெய்து பறித்துப் பாலில் போட்டுவிடாதீர்கள். பூவைப் பிரித்து மகரந்தத் தண்டுகளை எண்ணுங்கள். குங்குமப்பூச் செடியானால் மூன்று மகரந்தத் தண்டுகளும், அவற்றோடு நீண்டு தொங்கும் மூன்று செந்நிறச் சூலக இழைகளும் இருக்கும். மகரந்தத் தண்டுகள் ஆறானால் அது கால்ச்சிக்கம், கொடிய நஞ்சு. குங்குமப்பூவும் அக்டோபரில்தான் பூக்கும். எசெக்ஸ் மாவட்டத்தில் ஒரு காலத்தில் அது பெருமளவில் பயிரானதால்தான் அங்குள்ள ஊர் ஒன்றுக்குச் சாஃப்ரன் வால்டன் என்று பெயர். ஆனால் மரத்தடியில் தானாக எழும்பி இலையில்லாமல் நிற்கும் இளஞ்சிவப்புப் பூ என்றால் என் சந்தேகம் முழுவதும் கால்ச்சிக்கத்தின் மேல்தான்.

நமக்கு இந்த நஞ்சு புதியதன்று. கால்ச்சிக்கத்தில் உள்ள கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருள்தான், தமிழ்நாட்டின் மாநில மலரும் ஈழத்தார் கார்த்திகைப் பூ என்று அழைப்பதுமான செங்காந்தளிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். திண்டுக்கல் வட்டாரத்தில் செங்காந்தளைப் பயிரிட்டு விதை எடுப்பதும், கீல்வாத மருந்துக்காக அதே பொருளைப் பிரித்தெடுப்பதற்காகவே. மருந்தாகும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. முகர்வதோடு நின்றால் கவலையில்லை. பூனை கடித்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலே, வாந்தி வருகிறதா என்று காத்திராமல் கால்நடை மருத்துவரை அழைத்துவிடுங்கள்.

இதையொட்டி இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். பூங்கொத்தில் வரும் லில்லியின் எந்தப் பகுதியும், உடலில் ஒட்டி நக்கப்பட்ட மகரந்தப் பொடி உட்பட, பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்; பூனை இருக்கும் வீட்டில் லில்லிக்கு இடமே கிடையாது. குளிர் தொடங்கும்போது கார்களில் ஊற்றும் உறைதடுப்புத் திரவத்தில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது. தரையில் சிந்திய சிறிதளவே ஒரு பூனையைக் கொல்லப் போதும். சிந்தினால் உடனே துடைத்துக் கழுவுங்கள்.

கேள்வி: மூன்றாண்டுகளாக வளர்த்த கறிவேப்பிலைச் செடி, ஒவ்வொரு குளிர்காலமும் இலையெல்லாம் கொட்டிவிடுகிறது. இந்த ஆண்டாவது காப்பாற்ற வழி உண்டா? – வாசகி, மில்டன் கீன்ஸ்

பதில்: இலை கொட்டுவதாலேயே செடி செத்துவிட்டதாக நினைக்காதீர்கள். இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்குவதற்கு முன், அதாவது செப்டம்பர் பிற்பாதியிலேயே, தொட்டியை உள்ளே எடுத்துவிட வேண்டும். பெரும்பாலோர் செய்யும் தவறு, செடி வாடுகிறதே என்று குளிர்காலத்தில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவது. வெளிச்சம் குறைந்த காலத்தில் செடி குடிப்பதில்லை, வேர்தான் அழுகும். மேல்மண் இரண்டு விரற்கடை ஆழம் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள், மார்ச் வரை உரம் வேண்டாம். தெற்கு நோக்கிய சன்னலோரமே சிறந்த இடம். அதே சன்னலின் கீழ் வெப்பமூட்டி இருந்தால் சற்றுத் தள்ளி வையுங்கள். இலையின் அடியில் பழுப்புச் செதில்கள் போல ஒட்டியிருக்கும் பூச்சிகளை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். முழுவதும் மொட்டையானாலும் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் ஏப்ரலில் துளிர்க்கும். தொட்டி மண்ணின் மேல் கூழாங்கற்களைப் பரப்புவதும் அவசியம். சுக்கு ஒருமுறை எங்கள் கறிவேப்பிலைத் தொட்டியையே படுக்கையாக்கிக்கொண்டதால் மார்கழி முழுவதும் எங்கள் ரசத்தில் கறிவேப்பிலை இல்லை.

கேள்வி: இங்கே மதுரையில் நாங்கள் படங்களில் மட்டும் பார்க்கும் அந்தச் சிவப்பு இலைகள் எப்படி உண்டாகின்றன? இந்தப் பருவத்துக்குத் தமிழில் சரியான பெயர் உண்டா? – பள்ளி ஆசிரியர், மதுரை

பதில்: நீங்கள் படத்தில் மட்டும் பார்த்ததாகச் சொல்கிறீர்கள், உங்கள் பள்ளி வளாகத்திலேயே ஒரு நாட்டு வாதுமை மரம் இருக்கக்கூடும். உதிர்வதற்கு முன் அதன் பெரிய இலை செக்கச்செவேலென மாறுவதை மாணவர்களுக்குக் காட்டுங்கள். நடப்பது ஒன்றுதான். பகல் குறைந்து குளிர் தொடங்கியதும், இலையின் பச்சையத்தை மரம் சிதைத்து அதிலுள்ள சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை மறைந்ததும், முன்பே அடியில் இருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. சிவப்பின் கதை வேறு. அது பெரும்பாலும் அப்போதுதான் புதிதாக உண்டாகும் நிறமி. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் தொடர்ந்தால் சிவப்பு கூடும். காம்பின் அடியில் ஒரு தடுப்புப் படலம் வளர்ந்து முடிந்ததும் காற்று மீதி வேலையைச் செய்துவிடுகிறது. இங்கிலாந்தின் சொந்த மரங்கள் பெரும்பாலும் மஞ்சளும் பழுப்புமாகவே முடிகின்றன. கண்ணைப் பறிக்கும் சிவப்பைப் பார்க்க வேண்டுமென்றால், குளோஸ்டர்ஷயரில் வெஸ்டன்பர்ட் மரத்தோட்டத்து ஜப்பானிய மேப்பிள்களிடம்தான் போக வேண்டும்.

நம் மரங்களில் பல குளிருக்காக உதிர்ப்பதில்லை, வறட்சிக்காக உதிர்க்கின்றன. வேம்பு மாசி பங்குனியில் உதிர்த்துவிட்டுத் துளிர்ப்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே ‘இலையுதிர் காலம்’ என்ற சொல் நம் நாட்காட்டியில் ஒட்டாமலே நிற்கிறது. பழந்தமிழர் பிரித்த ஆறு பெரும்பொழுதுகளில், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனப்படும். மழையும் வாடையும் சேர்ந்த குளிர்ப் பருவம் அது. இங்குள்ள அக்டோபரின் இறுதியை, சன்னலில் சாரல் அடிக்க, பூனை இரண்டும் அடுப்பை விட்டு நகராத மாலையை, கூதிர் என்று சொல்லும்போது எனக்குச் சரியாகப் பொருந்துகிறது.

கேள்வி: வெங்காயத் தோலில் கம்பளி நூலுக்குச் சாயமேற்றியதாக எழுதியிருந்தீர்கள். முழுச் செய்முறை வேண்டும். மஞ்சள்தூளைப் பயன்படுத்தினால் எளிதாயிற்றே? – வாசகி, ஷெஃபீல்டு

பதில்: மஞ்சளில் தொடங்கித்தான் நானும் ஏமாந்தேன். நிறம் அற்புதமாக ஏறும்; ஆனால் வெளிச்சம் பட்டால் நிற்காது. அதில் நான் பின்னிய கழுத்துத்துணி ஒரே கோடையில் பழைய காகிதம் போல வெளுத்துவிட்டது. வெங்காயத் தோல் அதைவிடப் பலமடங்கு உறுதியானது, செலவும் இல்லை.

100 கிராம் வெள்ளைக் கம்பளி நூலுக்கு ஏறத்தாழ அதே எடை உலர்ந்த தோல் வேண்டும். காற்றைப்போல் எடையற்ற தோலை 100 கிராம் சேர்ப்பதற்குப் பெரிய துணிப்பை ஒன்று நிறைய வேண்டும். ஆங்கிலேய அண்டைவீட்டாருக்கு அது ஓராண்டுச் சேகரிப்பு, சாம்பார் வைக்கும் நமக்கு ஒரு பருவமே மிகை. முதலில் நூலைப் பெரிய கண்ணியாகச் சுற்றி, நான்கு இடங்களில் இறுக்காமல் முடிச்சிட்டு, சில மணி நேரம் வெந்நீர் கலந்த நீரில் ஊறவிடுங்கள். சாயம் பிடிக்கப் படிகாரம் தேவை. நாவிதர் கடையில் சவரத்துக்குப் பின் தேய்ப்பார்களே, அதுவேதான். நூலின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 கிராம் படிகாரத்தைச் சூடான நீரில் கரைத்து, நிறைய நீர் சேர்த்து, ஈர நூலை அதில் இறக்குங்கள். தீயை மெல்லக் கூட்டி, நீர் கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழேயே ஒரு மணி நேரம் வைத்து, அணைத்து, இரவு முழுவதும் பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள்.

மறுநாள் தோலை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். அந்தச் சாற்றை ஆறவைத்த பிறகே நூலைப் போட வேண்டும். கம்பளிக்கு ஆகாதவை இரண்டு: திடீர் வெப்ப மாற்றமும் கசக்குதலும். இரண்டும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கி, நூலுக்குப் பதில் கம்பளப் பாளம்தான் மிஞ்சும். ஆகவே மறுபடியும் மெல்லச் சூடேற்றி ஒரு மணி நேரம், கிளறாமல் புரட்டி மட்டும் விட்டு, ஆறிய பின் அதே வெப்பமுள்ள நீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் உலர்த்துங்கள். சாதாரண வெங்காயத் தோல் பொன்னிறத்திலிருந்து செம்பு நிறம்வரை தரும். அதே சாற்றில் இரண்டாவதாக ஒரு நூலைப் போட்டால் வெளிர்மஞ்சள் வரும். எனக்கு அந்த இரண்டாவதுதான் பிடிக்கும். துருப்பிடித்த ஆணி இரண்டைச் சாற்றில் போட்டால் நிறம் மங்கிப் பாசிப்பச்சையாகும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், அதை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள். அக்டோபரில் விழும் வால்நட் காயின் பச்சை ஓட்டுக்குப் படிகாரம்கூடத் தேவையில்லை, ஆழ்ந்த பழுப்பு தரும். கையுறை போடாவிட்டால் உங்கள் விரல்களுக்கும் அதே பழுப்பைப் பல நாளுக்குத் தரும்.

பூனை வைத்திருப்போருக்கு இரண்டு எச்சரிக்கைகள். வெங்காயம் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாற்றையும் தோலையும் மூடியே வையுங்கள். நூல்கண்டுடன் பூனை விளையாடும் படங்கள் அழகானவைதான், ஆனால் பூனையின் நாவில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. வாயில் சிக்கிய நூலைத் துப்ப அதனால் இயலாது, விழுங்கத்தான் முடியும். நீண்ட நூல் ஒரு முனையில் சிக்கிக்கொண்டால், குடல் அதன் மேல் சுருங்கி அறுபடும். வாயிலோ பின்புறத்திலோ நூல்முனை தொங்கக் கண்டால் ஒருபோதும் இழுக்காதீர்கள், நேரே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நான் பின்னி முடித்ததும் ஊசியோடு நூலை மூடியுள்ள மரப்பெட்டியில் வைத்துவிடுகிறேன். அந்த மூடியின் மேல்தான் மிளகு தூங்குகிறது.

கேள்வி: கொலுப் படியில் பூனை ஏறுவதை எப்படித் தடுப்பது? – வாசகி, ரெடிங்

பதில்: தடுக்க இயலாது, திசை திருப்பலாம். மேல்படியில் கனமான பொம்மைகளையும் கீழ்ப்படியில் உடையாதவற்றையும் வைத்து, அடியில் ஒட்டுக்களிம்பு தடவுங்கள். பக்கத்திலேயே பொம்மைகள் வந்த அட்டைப் பெட்டியைக் காலியாகத் திறந்து வையுங்கள். எங்கள் வீட்டுக்குக் கொலுப் பார்க்க வருபவர்கள் பெட்டிக்குள் இருக்கும் சுக்குக்கும் சேர்த்தே சுண்டல் கேட்கிறார்கள், நான் கொடுப்பதில்லை.

கேள்வி: எங்கள் பூனை தோட்டத்துக்கு வரும் பறவைகளைப் பிடித்துவிடுகிறது. கழுத்தில் மணி கட்டினால் போதுமா? – வாசகர், நாரிச்

பதில்: எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில் மணி குறிப்பிடத்தக்க பயனைத் தரவில்லை. இறைச்சிப் புரதம் மிகுந்த, தானியம் சேராத உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியதில் 25 விழுக்காடு குறைந்தது. குச்சியின் நுனியில் இறகு கட்டி ஆட்டி, கடைசியில் அதைப் ‘பிடிக்க’ விட்டு, உடனே உணவு வையுங்கள். அக்டோபரில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து ரெட்விங், ஃபீல்டுஃபேர் பறவைகள் களைத்து வந்திறங்கி, விழுந்த ஆப்பிள்களைத் தின்னும். விடியலிலும் அந்தியிலும் பூனையை உள்ளே வைத்திருப்பது அவற்றுக்குச் செய்யும் பேருதவி. தோட்டத்திலிருந்து வந்த பூனையின் காதோர மடிப்பிலும் விரலிடுக்கிலும் ஆரஞ்சு நிறப் பொடி போலத் தெரிந்தால், அது அறுவடைக் காலத்து உண்ணியின் இளம்புழு. அரிப்பு மிகுந்தால் மருத்துவரிடம் மருந்து வாங்குங்கள்.

கேள்வி: வெடிச்சத்தம் தொடங்கிவிட்டது. எங்கள் பூனைக்கு இதுதான் முதல் ஆண்டு. – வாசகி, பர்மிங்காம்

பதில்: 1605ஆம் ஆண்டுச் சதியை நினைவுகூரும் நவம்பர் 5உம் தீபாவளியும் சில ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்து, இரண்டு வாரம் ஓயாது. வழக்கமாக இரவு 11 மணிக்கு மேல் வெடிக்கச் சட்டம் இடம் தராது. நவம்பர் 5 அன்று நள்ளிரவு வரையும் தீபாவளி இரவில் 1 மணி வரையும் விலக்கு உண்டு. இருட்டும் முன்பே பூனையை உள்ளே அழைத்து, பூனைக் கதவைத் தாழிட்டு, திரையை இழுத்து, அது ஒளிந்துகொள்ள விரும்பும் இடத்தைத் திறந்துவிடுங்கள். அங்கிருந்து வெளியே இழுத்துக் கொஞ்ச வேண்டாம். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், 20 வாரத்துக்கு மேற்பட்ட வளர்ப்புப் பூனைக்கு மைக்ரோசிப் கட்டாயம். வீடு மாறியிருந்தால் அதில் பதிந்த முகவரியை இந்த வாரமே மாற்றுங்கள், மிரண்டோடிய பூனை திரும்பிவர அதுவே வழி. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுகிறோம் அல்லவா? அதை எங்கள் பூனைகள் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய கணக்கின்படியே இரவு உணவு கேட்கின்றன.

கேள்வி: ஊருக்குப் போனபோது கொடைக்கானல் மலைப்பூண்டு வாங்கிவந்து இங்கே நட நினைத்தேன். முடியுமா? – வாசகர், ஆக்ஸ்ஃபோர்டு

பதில்: 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூண்டின் காரத்துக்கு நானும் ஏங்குகிறேன். ஆனால் நடுவதற்கான கிழங்குகளைத் தாவர நலச் சான்றிதழில்லாமல் இந்நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வெள்ளை அழுகல் நோய் ஒருமுறை மண்ணில் புகுந்தால் பல ஆண்டுகள் அங்கு வெங்காயக் குடும்பத்தையே வளர்க்க முடியாது. கடையில் சமையலுக்கு விற்பதையும் நட வேண்டாம். வைட் தீவு பூண்டுக்குப் பேர்போனது. இந்தத் தட்பவெப்பத்துக்கென்றே விற்கும் நடவுப் பூண்டை வாங்குங்கள்.

அக்டோபர், நவம்பரே சரியான காலம். ஒன்றிரண்டு மாதமாவது 10 பாகைக்குக் குறைந்த குளிரில் கிடந்தால்தான் பூண்டு பல்லாகப் பிரியும்; வசந்தத்தில் தாமதமாக நட்டால் ஒற்றைப் பூண்டாகவே நின்றுவிடக்கூடும். பெரிய பற்களாகப் பொறுக்கி, தோலை உரிக்காமல், தட்டையான அடி கீழே இருக்கும்படி, நுனிக்கு மேல் ஓர் அங்குல மண் வருமாறு, 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கும் மண்ணானால் மேட்டுப்பாத்தி அமையுங்கள். நட்ட சில நாட்களில் பறவைகள் பற்களைப் பிடுங்கிப் போடும். புழுவென்று நினைத்து இழுத்துப் பார்த்து எறிந்துவிடுகின்றன. முளை நன்றாக வேர்பிடிக்கும்வரை வலை விரித்து, வாரம் ஒருமுறை பார்த்து, வெளியே கிடப்பதை மறுபடி ஊன்றிவிடுங்கள். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ கீழிலைகள் மஞ்சளானதும் தோண்டலாம்.